மழைக்கு முன் ஊராட்சி செய்ய வேண்டியவை: குமரி மாவட்டத்தில் வெள்ள அபாயத்தைக் குறைக்க ஒரு முழுமையான வழிகாட்டி

குமரி மாவட்டத்தில் ஆற்றோரமாக இருக்கும் ஒரு ஊராட்சியில் வார்டு உறுப்பினராக இருந்தேன். அதற்கு அப்புறமும் புதிதாக வந்த உறுப்பினர்களோடும் செயலர்களோடும் மழைக்கு முந்தைய வேலைகளில் கூடவே நடந்திருக்கிறேன். பெரும்பாலானவர்கள் சறுக்குவது ஒரே இடத்தில்தான். தண்ணீர் தேங்குகிற இடத்தில் வேலையைத் தொடங்குவார்கள். தேங்குவதற்கான காரணமோ அரை கிலோமீட்டர் கீழே, யாரும் குனிந்து பார்க்காத ஒரு குழாய்ப் பாலத்தின் வாயில் இருக்கும்.

அதனால் இங்கே சொல்லியிருக்கும் வரிசையை மாற்றாதீர்கள். பேரூராட்சியில் இருப்பவர்களுக்கும் இதே வரிசைதான். கிராம சபை என்று வரும் இடத்தில் மன்றக் கூட்டம், ஊராட்சிச் செயலர் என்று வரும் இடத்தில் செயல் அலுவலர் என்று எடுத்துக்கொள்ளுங்கள். தலைவர் பதவி காலியாகித் தனி அலுவலர் பொறுப்பில் இருக்கும் காலத்திலும் வேலை மாறாது. கையெழுத்துப் போடுபவர் மட்டும் மாறுவார்.

1. முதலில் நாள்காட்டி

பெரும்பாலான மாவட்டங்களில் அக்டோபருக்குள் தூர்வாரினால் போதும். குமரியில் அந்தக் கணக்கு உதவாது. ஜூனில் தென்மேற்குப் பருவமழை, அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை என்று இரண்டும் பெய்கிற மாவட்டம் இது. கோதையாறு பாசனக் கால்வாய்களில் கன்னிப்பூ என்னும் முதல் போக நெல் சாகுபடிக்காக வழக்கமாக ஜூன் தொடக்கத்தில் தண்ணீர் திறப்பார்கள். இரண்டாம் போகமான கும்பப்பூ முடிந்து பிப்ரவரி கடைசியில் அடைப்பார்கள். கால்வாய் காய்ந்து கிடப்பது மார்ச், ஏப்ரல், மே மூன்று மாதம்தான். பொக்லைன் இறங்க வேண்டிய வேலை எல்லாம் அதற்குள் முடிய வேண்டும்.

அப்படியானால் மார்ச்சில் வேலை தொடங்க, தீர்மானம் எப்போது போட வேண்டும்? ஜனவரி 26 கிராம சபையில். மார்ச் 22 கூட்டத்தில் என்ன நடந்திருக்கிறது என்று கேட்க வேண்டும். மே 1 கூட்டத்தில் மீதி வேலையை விரட்ட வேண்டும். ஆகஸ்ட் 15 கூட்டம் இரண்டாவது சுற்றுக்கு: ஜூன், ஜூலை மழையில் வந்து சேர்ந்த ஆகாயத்தாமரையும் செடிகொடியும் செப்டம்பருக்குள் போக வேண்டும். அக்டோபர் 2 கூட்டத்தில் முகாம் எது, யார் யாரைக் கூட்டிப் போக வேண்டும் என்ற பட்டியலை உரக்க வாசியுங்கள்.

புதியவர்கள் செப்டம்பர் கடைசியில் மனு எழுதத் தொடங்குகிறார்கள். அந்த மனுவுக்குப் பணம் வரும்போது கார்த்திகை பிறந்திருக்கும், கால்வாயில் இடுப்பளவு தண்ணீர் ஓடும்.

2. நடக்கத் தொடங்கும் முன் கையில் வேண்டியவை

கிராம நிர்வாக அலுவலரிடம் போய் கிராம வரைபடத்தையும் ‘அ’ பதிவேடு என்னும் நில விவரப் பதிவேட்டையும் பாருங்கள். ஓடை, வாய்க்கால், குளம் என்று வகைப்படுத்தியிருக்கும் புல எண்கள் (சர்வே எண்கள்) எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். பிரச்சினை உள்ள எண்களுக்குப் புலப்படத்தையும் வாங்கிவிடுங்கள். தரையில் காணாமல் போன ஓடை காகிதத்தில் இருக்கும். தண்ணீருக்கு அந்தப் பாதை மறக்காது. பெருமழையில் அந்தப் புல எண்களின் மேல்தான் ஓடும்.

அடுத்து 30 மீட்டர் அளவு நாடா, அடிக்கணக்கு குறித்த ஒரு நீளமான கம்பு, பெயின்ட், இடத்தின் ஆயத்தொலைவோடு படம் எடுக்கும் செல்போன். கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் நீர்மட்டக் குழாயும் ஒன்று வேண்டும். ஒளி ஊடுருவும் அந்தச் சாதாரண பிளாஸ்டிக் குழாயை வைத்தே ஊரின் மேடு பள்ளத்தைக் கண்டுபிடித்துவிடலாம்.

ஆட்களில் இருவர் கட்டாயம். ஒருவர் நீர்வளத் துறையின் லஸ்கர் (கால்வாயையும் மடையையும் பார்த்துக்கொள்ளும் ஊழியர்), அல்லது மடை திறந்து அடைத்துப் பழகிய ஒரு விவசாயி. இன்னொருவர் அந்தத் தெருவிலேயே வயதான ஆள்.

3. தண்ணீர் போகும் வழியில், கீழிருந்து மேலாக நடங்கள்

இந்த வேலைகளில் எதற்காவது கூடுதல் நேரம் கொடுப்பதென்றால் இதற்குக் கொடுங்கள். நான் பார்த்தவரை இரண்டு முழு நாள் ஆகும்.

ஊராட்சி எல்லையை விட்டுத் தண்ணீர் வெளியேறும் இடத்தில் தொடங்கி மேலே வாருங்கள். மேலிருந்து கீழே வந்தால், வழியில் முதலில் கண்ணில் படுகிற குப்பையை எடுக்கத் தோன்றும். கீழே வாய் அடைத்திருக்கும்போது மேலே சுத்தம் செய்தால், தண்ணீர் முன்பைவிட வேகமாக வந்து கீழ்த்தெருவில் ஏறும். ஒரு ஊரில் இதைக் கண்ணாரப் பார்த்தேன். மேல்பகுதி வாய்க்காலை அழகாகத் தூர்வாரியிருந்தார்கள். அந்த வருஷம்தான் கீழே எட்டு வீட்டுக்குள் முதல் தடவையாகத் தண்ணீர் போனது.

ஒவ்வொரு பாலத்திலும், சப்பாத்திலும் (தாழ்வான தரைப்பாலம்), மடையிலும் நின்று அளவெடுங்கள். திறப்பின் அகலம், உயரம், குழாயாக இருந்தால் எத்தனை குழாய், விட்டம் எவ்வளவு, பாதி மண்ணா முழு மண்ணா, யார் கட்டியது என்று எல்லாம் நோட்டில் ஏற வேண்டும். பாலத்துக்கு மேலே நின்று பார்த்துவிட்டுப் போகாதீர்கள். கீழே இறங்கிக் குனிந்து பாருங்கள்.

அப்படிக் குனிந்தபோதுதான் எங்கள் ஊர்க் கதை தெரிந்தது. சாலைக்குக் கீழே நல்ல அகலமான கல் பாலம். அதன் நடுவில், தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில், குடிநீர்க் குழாய் ஒன்று குறுக்கே போகிறது. பாலத்துக்கு மேலே நின்றால் அது தெரியவே தெரியாது. மலைவெள்ளத்தில் வந்த வாழைத்தண்டு ஒன்று அந்தக் குழாயில் மாட்டியிருந்தது, அதில் ஒரு தென்னை ஓலை, ஓலையில் பிளாஸ்டிக் சாக்கு, சாக்கில் மண். தொரட்டியைப் போட்டு இழுத்தோம், வரவில்லை. அரிவாளால் ஓலையின் மட்டையை வெட்டிய பிறகு மொத்தமாகச் சரிந்தது. மூன்று வருஷமாக மேலே நாற்பது வீட்டுக்காரர்கள் “குளம் உடைஞ்சு தண்ணி வருது” என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். குளம் உடையவே இல்லை. அந்த ஒரு குழாய் தண்ணீரைப் பின்னால் தள்ளியிருக்கிறது.

குழாய்ப் பாலங்களில் இன்னொரு தப்பும் சாதாரணமாக இருக்கும். மேலே 900 மில்லிமீட்டர் குழாய், கீழே அடுத்த சாலையில் 600 மில்லிமீட்டர் குழாய். மூன்றில் ஒரு பங்குதானே குறைந்தது போலத் தோன்றும். பரப்பளவில் பார்த்தால் 900 குழாயின் வாய் 600 குழாயின் வாயைப்போல இரண்டேகால் மடங்கு. மேலிருந்து வருவதில் பாதியைக்கூட கீழே உள்ளது ஒழுங்காக வாங்காது. ஒரே ஓடையில் கீழே போகப் போகத் திறப்பு பெரிதாக வேண்டும். எந்த இடத்தில் சிறிதாகிறதோ, அங்கே சிவப்பு மையில் வட்டம் போடுங்கள்.

நடக்கும்போதே வீடுகளில் வெள்ளக்குறியைக் கேட்டு வாங்குங்கள். “எவ்வளவு தண்ணி வந்தது?” என்று கேட்டால் “ரொம்ப வந்தது” என்றுதான் பதில் வரும். “எந்தப் பொருள் நனைந்தது?” என்று கேளுங்கள். ஒரு பாட்டி என்னை அடுக்களைப் பின்பக்கம் கூட்டிப்போய் அம்மிக்கல்லைக் காட்டினார். “மக்களே, அம்மி முங்கி, அதுக்கு மேல நாலு விரக்கட நின்னுது. நான் அரைச்ச மொளகு அப்படியே போச்சு.” அம்மியின் உயரத்தை நாடாவில் அளந்து, சுவரில் பெயின்டால் கோடு போட்டோம். 2021 நவம்பர், 2023 டிசம்பர் என்று இரண்டு வெள்ளத்துக்கும் தனித்தனி நிறம். இப்படிப் பத்து வீட்டில் கோடு கிடைத்தால், நீர்மட்டக் குழாயை வைத்து அவற்றை ஒன்றோடொன்று இணைத்துவிடலாம். எந்த வீடு முதலில் மூழ்கும், எது இரண்டாவது என்ற வரிசை கையில் வந்துவிடும். பின்னால் ஆட்களை வெளியேற்றும்போது இந்த வரிசைதான் உதவும்.

கோடையில் ஒரு தடவை நடந்தால் போதாது. ஏப்ரல், மே மாதத்தில் இடியோடு ஒரு மழை பெய்யும் இல்லையா, அது விட்ட ஒரு மணி நேரத்துக்குள் குடையை எடுத்துக்கொண்டு அதே பாதையில் திரும்ப நடங்கள். காய்ந்த தரையில் தெரியாத பள்ளம் எல்லாம் அப்போது தெரியும்.

கடலோர ஊராட்சிக்காரர்களுக்கு முதல் நிறுத்தம் பொழிமுகம், அதாவது ஆறு கடலில் சேரும் வாய். குழித்துறைத் தாமிரபரணி (நெல்லைத் தாமிரபரணி அல்ல) தேங்காப்பட்டணத்திலும், வள்ளியாறு கடியபட்டணத்திலும், பழையாறு மணக்குடியிலும் கடலில் சேர்கின்றன. பொழியில் மணல் மேடு உயர்ந்திருந்தால் மேலே என்ன செய்தாலும் தண்ணீர் பின்வாங்கி ஏலாக்களில் (வயல்வெளிகளில்) நிற்கும். மணலை வெட்டிவிடுவதென்றால் நீர்வளத் துறைக்கும் மாவட்ட நிர்வாகத்துக்கும் முன்கூட்டியே எழுதி, கடல் வற்றும் நேரமாகப் பார்த்துச் செய்ய வேண்டும். கடல் ஏறும் நேரத்தில் வெட்டினால் உப்புத் தண்ணீர் உள்ளே வந்து நெல்லையும் கிணற்றையும் கெடுத்துவிடும். ஏ.வி.எம். கால்வாய் ஓரத்து ஊர்களும் அந்தக் கால்வாய் எங்கெங்கே தூர்ந்து கிடக்கிறது என்று இதே நடையில் குறித்துக்கொள்ள வேண்டும். கடற்கரைத் தெருக்களின் மழைநீருக்குப் பல இடங்களில் அதுதான் வடிகால்.

4. எது யாருடையது என்று பிரியுங்கள்

நோட்டில் இப்போது முப்பது நாற்பது இடம் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு துறையின் பெயர் எழுதாமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள். நீர்வளத் துறையின் கால்வாயில் ஊராட்சிப் பணத்தைச் செலவழித்தால் தணிக்கையில் மாட்டும். ஊராட்சியின் ஓடைக்கு நீர்வளத் துறையிடம் மனு கொடுத்தால் அது திரும்பி வர ஆறு மாதம்.

அனந்தனார், தோவாளை, பட்டணங்கால் போன்ற கால்வாய்களும் ஆறுகளும் நீர்வளத் துறையுடையவை. நாகர்கோவிலில் உள்ள கோதையாறு வடிநிலக் கோட்டத்தில் கேட்க வேண்டும். குளங்களில்தான் குழப்பம். தமிழ்நாட்டில் பொதுவாக ஆயக்கட்டு (குளத்துப் பாசனப் பரப்பு) 100 ஏக்கருக்கு மேல் என்றால் நீர்வளத் துறை, கீழே என்றால் ஊராட்சி ஒன்றியம் என்று கணக்கு. குமரியிலோ பாசனக் கால்வாயோடு சேர்ந்த சின்னக் குளமும் நீர்வளத் துறைக் கணக்கில் இருக்கக்கூடும். ஆகவே வாய்மொழியை நம்பாமல் பதிவேட்டைப் பாருங்கள்.

சாலைப் பாலங்களில் மாநில நெடுஞ்சாலை, தேசிய நெடுஞ்சாலை, ஒன்றியச் சாலை, ஊராட்சிச் சாலை என்று நான்கு வகை. ரயில் பாதைக்குக் கீழே இருப்பது ரயில்வேயுடையது. நான்குவழிச் சாலைக்காக மண் நிரப்பி உயர்த்திய இடங்களில், முன்பு பரந்து ஓடிய தண்ணீர் இப்போது ஒன்றிரண்டு திறப்பு வழியாகத்தான் போக வேண்டும். அந்தத் திறப்புகளை மட்டும் தனிப் பக்கத்தில் எழுதிவையுங்கள்.

5. தீர்மானம், மதிப்பீடு, பணம்

“மழைநீர் வடிய நடவடிக்கை எடுக்கக் கேட்டுக்கொள்ளப்படுகிறது” என்று ஒரு தீர்மானம் போட்டால் அதை வைத்து ஒருவரும் எதுவும் செய்ய முடியாது. புல எண், இடம், அளவு, யாருடைய சொத்து, என்ன வேலை, எந்த மாதத்துக்குள் என்ற ஆறும் ஒவ்வொரு தீர்மானத்திலும் இருக்கட்டும். படத்தையும் இணையுங்கள். படம் இல்லாத மனுவைப் பார்த்துவிட்டு யாராவது நேரில் வரும்வரை காத்திருக்க வேண்டும். படமும் அளவும் இருந்தால் ஒன்றியப் பொறியாளர் மதிப்பீட்டை மேசையிலேயே தொடங்கிவிடுவார்.

பணத்தைப் பல பைகளில் தேட வேண்டியிருக்கும். மண்வேலைக்கு, ஊரில் நூறு நாள் வேலை என்று சொல்கிற ஊரக வேலைத் திட்டம். பாலம், வடிகால் கட்ட மத்திய நிதிக்குழு மானியம், ஊராட்சியின் பொது நிதி, சட்டமன்ற உறுப்பினர் தொகுதி நிதி. கிராம ஊராட்சி வளர்ச்சித் திட்டத்தில் இந்த வேலைகள் எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். அதில் இல்லாத வேலைக்குப் பாதி வழியில் பணம் ஒதுக்குவது கடினம்.

6. தூர்வாரும் வரிசை

இதுவும் கீழிருந்து மேலே. வெளியேறும் வாய், அடுத்து குறுகிய பாலங்கள், அடுத்து ஓடையின் நடுப்பகுதி, கடைசியாகத் தெரு வடிகால். வார்டுக்கு ஒரு வேலை என்று சமமாகப் பங்கு வைக்கும் பழக்கம் இதைக் கெடுத்துவிடும். உறுப்பினர்களிடம் பொறுமையாக விளக்குங்கள்: “உங்க வார்டு நனையாமல் இருக்கணும்னா பக்கத்து வார்டுல முதல்ல வெட்டணும்.” வரைபடத்தில் காட்டினால் ஒத்துக்கொள்கிறார்கள்.

எடுத்த மண்ணைக் கரையிலேயே போடாதீர்கள். முதல் மழையில் அது திரும்ப உள்ளே இறங்கும், அதற்கு இரண்டாவது தடவை பில் வரும். குளத்து வண்டல் என்றால் விவசாயிகள் வட்டாட்சியர் அனுமதியோடு இலவசமாகவே எடுத்துப் போகலாம். முன்கூட்டியே ஊருக்குச் சொல்லிவிட்டால் லாரி வாடகை மிச்சம்.

பாலத்துக்கு அடியில் உள்ள தரையைவிட ஆழமாக ஓடையைத் தோண்டுவது இன்னொரு பிழை. பள்ளத்தில் நிற்கும் தண்ணீர் எங்கும் போகாது, கொசுதான் வளரும். பாலத்தின் அடி எந்த மட்டமோ, அதுவரைதான் தோண்ட வேண்டும்.

குளத்தில் கரையைவிட மறுகாலை, அதாவது உபரிநீர் வெளியேறும் வழியை, முதலில் பாருங்கள். கரை எவ்வளவு பலமாக இருந்தாலும் மறுகால் அடைத்திருந்தால் தண்ணீர் கரைக்கு மேலே வழியும், வழியத் தொடங்கினால் மண் கரை சில மணி நேரம்கூடத் தாங்காது. மீன் குத்தகைக்காரர்கள் மீன் போகாமல் இருக்க மறுகாலில் வலை கட்டுவது உண்டு. அதில் குப்பை சேர்ந்தால் அதுவே அணை ஆகிவிடும். மழைக்காலத்தில் வலை கூடாது என்று குத்தகை நிபந்தனையிலேயே எழுதுங்கள். கரையில் நண்டு வளையும் எலி வளையும் தேடி அடைக்க வேண்டும். கரைமேல் சாய்ந்து நிற்கும் தென்னையையும் கவனியுங்கள். 2017 நவம்பர் 30-ல் ஒக்கி புயல் அடித்தபோது மரங்கள் வேரோடு எப்படிச் சாய்ந்தன என்று நமக்குத் தெரியும். கரையில் ஒரு மரம் வேரோடு பெயர்ந்தால் அங்கேயே உடைப்பு தொடங்கும்.

ஷட்டர்களுக்குக் கிரீஸ் போட்டு, ஏற்றி இறக்கிப் பாருங்கள். திருகும் கைப்பிடி யார் வீட்டில் இருக்கிறது என்று எழுதி வையுங்கள். இரவு இரண்டு மணிக்குக் கைப்பிடியைத் தேடி அலைந்த ஊர்கள் உண்டு. கைப்பிடி கிடைக்காத ஆத்திரத்தில் ஆட்கள் கரையை வெட்டிவிடுவார்கள், வெட்டிய இடத்துக்குக் கீழே இருப்பவர்களுக்கு அது பேராபத்து.

7. ஆக்கிரமிப்பு

இதைக் கடைசிக்குத் தள்ளாதீர்கள், முதலிலும் வைக்காதீர்கள். அளவை இல்லாமல் சண்டைக்குப் போனால் தோற்பது உறுதி. வட்ட சர்வேயரை வைத்து அளந்து கல் நட்ட பிறகுதான் பேச்சு. அரசு நிலத்துக்கு 1905-ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டமும், நீர்வளத் துறைக் குளங்களுக்கு 2007-ஆம் ஆண்டின் ஏரிகள் பாதுகாப்புச் சட்டமும் இருக்கின்றன. நோட்டீஸ் கொடுப்பது, விளக்கம் கேட்பது என்ற படிகளைத் தாண்டினால் நீதிமன்றத்தில் வேலை நின்றுவிடும். ஓடைமேல் குடியிருக்க வேறு வழியில்லாமல் வந்த ஏழைக் குடும்பம் என்றால் மாற்று இடத்துக்கான மனுவையும் கூடவே எழுதுங்கள். அவர்கள்தான் முதலில் மூழ்குகிறவர்கள்.

8. மேலே தண்ணீரைக் கொஞ்சம் பிடித்து வையுங்கள்

100 மில்லிமீட்டர் மழை ஒரு ஏக்கரில் விழுந்தால் ஏறக்குறைய நாலு லட்சம் லிட்டர். வயலாக இருந்தால் வரப்புக்குள் கொஞ்ச நேரம் நின்று மெதுவாக வடியும். மண் நிரப்பி வீட்டுமனை போட்டுக் கான்கிரீட் தளம் போட்டால் அத்தனையும் உடனே தெருவுக்கு வரும். ஏலா நிரப்பப்படுவதைத் தடுப்பதும் வெள்ள வேலைதான். மனைப்பிரிவு விஷயமாக உங்களிடம் கருத்துக் கேட்டு வரும் ஒவ்வொரு தாளிலும், அந்தப் புல எண்ணுக்குள் வாய்க்கால் இருக்கிறதா என்று இரண்டாம் படியில் எழுதிய நோட்டைப் பார்த்துவிட்டுப் பதில் எழுதுங்கள். சிறிய வீடுகளுக்கு இப்போது இணையத்தில் சுயசான்று முறையில் அனுமதி கிடைத்துவிடுகிறது. ஆகவே எந்தெந்தப் புல எண்களில் வெள்ளம் எந்த உயரம் வந்தது என்ற பட்டியலை ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டிவிடுங்கள். வீடு கட்டுபவர் தரைமட்டத்தை அதற்கு மேலே உயர்த்திக்கொள்ளட்டும்.

9. எச்சரிக்கை யாரிடமிருந்து யாருக்கு

இரண்டு வகை வெள்ளத்தைப் பிரித்துப் பாருங்கள். ஒன்று, நம் தலைமேல் பெய்கிற மழை. இன்னொன்று, அணையிலிருந்து வருவது. குழித்துறையில் வெயில் அடிக்கும்போதும் ஆற்றில் தண்ணீர் ஏறும்.

பேச்சிப்பாறையின் முழுக் கொள்ளளவு மட்டம் 48 அடி, பெருஞ்சாணியின் மட்டம் 77 அடி. பேச்சிப்பாறை உபரிநீர் கோதையாற்றில் திற்பரப்பு வழியாகவும், பெருஞ்சாணி உபரிநீர் பரளியாற்றில் திருவட்டாறு பக்கமாகவும் வந்து மூவாற்றுமுகத்தில் சேர்ந்து, குழித்துறை தாண்டித் தேங்காப்பட்டணம் போகிறது. ஆகவே தாமிரபரணிக் கரையில் இருப்பவர்கள் இரண்டு அணையின் மட்டத்தையும் தினமும் பார்க்க வேண்டும். உபரிநீர் திறக்கும் முன் நீர்வளத் துறை எச்சரிக்கை கொடுக்கும். அது செய்தித்தாளில் வரும்வரை காத்திருக்காமல், அணைப் பிரிவு அலுவலகத்தின் எண்ணை இரண்டு பேர் கைபேசியில் வைத்திருங்கள்.

வானிலை மையம் சொல்லும் சொற்களையும் அளவோடு புரிந்துகொள்ளுங்கள். 24 மணி நேரத்தில் 64.5 மில்லிமீட்டர் முதல் 115.5 வரை கனமழை, அதற்கு மேல் 204.4 வரை மிகக் கனமழை, அதையும் தாண்டினால் அதிகனமழை. உங்கள் ஊரில் எந்த அளவுக்கு எந்தத் தெரு நனைந்தது என்று சுவர்க் கோடுகளோடு ஒப்பிட்டு எழுதிவைத்தால், ஆரஞ்சு எச்சரிக்கை வரும்போது எங்கே போக வேண்டும் என்று யோசிக்க வேண்டியதில்லை.

அப்புறம் பட்டியல். நடக்க முடியாதவர், டயாலிசிஸ் செய்துகொள்பவர், நிறைமாதக் கர்ப்பிணி, தனியாக இருக்கும் முதியவர் என்று வீடு வீடாக எழுதி, ஒவ்வொருவருக்கும் எதிரே கூட்டிப்போகும் ஆளின் பெயர். ஆப்த மித்ரா என்னும் பேரிடர் மீட்புத் தன்னார்வலர் பயிற்சி எடுத்தவர்கள் ஊரில் இருந்தால் அவர்களுக்கு முதலிடம். வாட்ஸ்அப் குழு மட்டும் போதாது. மின்சாரம் போன மூன்று மணி நேரத்தில் பாதி போன் அணைந்துவிடும். ஒக்கிக்குப் பிறகு எத்தனை நாள் இருட்டில் கிடந்தோம் என்று நினைத்துப் பாருங்கள். கோயில், தேவாலயம், பள்ளிவாசல் ஒலிபெருக்கிகளை பேட்டரியோடு தயாராக வைக்கச் சொல்லுங்கள்.

ரப்பர் தோட்டப் பகுதிகளில் ஒரு விஷயம் பலருக்கு நினைவுக்கு வராது. பால்வெட்டுத் தொழிலாளர்கள் விடிவதற்கு முன்பே வீட்டை விட்டு இறங்கிவிடுவார்கள். காலை ஏழு மணிக்குச் சொல்லும் எச்சரிக்கை அவர்களுக்குப் பயன்படாது, இருட்டில் ஓடையைக் கடந்துவிட்டிருப்பார்கள். முந்தின இரவே சொல்லுங்கள். மோதிரமலை, குற்றியாறு பக்கம் தரைப்பாலம் மூழ்கினால் மலைக் குடியிருப்புகளுக்கு வழி இல்லை. அங்கே அரிசியும் மருந்தும் முன்னதாகவே ஏற வேண்டும், பிரசவ நாள் நெருங்கியவர் முன்னதாகவே இறங்க வேண்டும்.

10. முகாம்

முகாமாக எழுதியிருக்கும் பள்ளிக்கூடம் வெள்ளக் கோட்டுக்கு மேலே இருக்கிறதா என்று நீர்மட்டக் குழாயை வைத்துப் பாருங்கள். பள்ளிக்குப் போகும் சாலையையும் சேர்த்துப் பாருங்கள். சாவி யாரிடம், கழிப்பறையில் தண்ணீர் வருமா, பெண்களுக்குத் தனி இடம் உண்டா, ஆடு மாடு எங்கே கட்டுவது? கடைசிக் கேள்விக்குப் பதில் இல்லாவிட்டால் பலர் வீட்டை விட்டு வரவே மாட்டார்கள்.

11. மழை நாளில்

ஊராட்சி அலுவலகத்தில் ஒருவர் இரவிலும் இருக்க வேண்டும். வரும் செய்தி, நேரம், யாரிடம் சொன்னது என்று நோட்டில் எழுத வேண்டும். மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077, மாநில எண் 1070.

வெள்ளம் மின்மீட்டர் பெட்டியை எட்டும் முன் மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் சொல்லி அந்த டிரான்ஸ்பார்மரை அணைக்கச் சொல்லுங்கள். தாங்களாகவே பியூஸ் பிடுங்க யாரையும் விடாதீர்கள். மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் எண் 94987 94987.

குழித்துறை சப்பாத்துப் பாலம் போல மூழ்கும் பாலங்களில் தண்ணீர் ஏறத் தொடங்கியதும் இரண்டு பக்கமும் தடுப்பு வைத்து ஆளும் நிற்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் அடைத்த பாலத்தில் எதிர்ப்பக்கத்திலிருந்து பைக் வந்துகொண்டே இருக்கும்.

மணல் மூட்டையை நிறைய நிரப்பாதீர்கள். மூன்றில் இரண்டு பங்கு போதும், அப்போதுதான் ஒன்றோடொன்று அழுந்திப் படியும். செங்கல் வைப்பது போல இணைப்பு மாற்றி அடுக்குங்கள். அடியின் அகலம் உயரத்தைப் போல மூன்று மடங்கு இருக்கட்டும். ஒற்றை வரிசையாக நிமிர்த்தி அடுக்கிய மூட்டை முழங்கால் தண்ணீருக்கே சாயும்.

குளத்துக்கரையின் வெளிப்பக்கம் தண்ணீர் கசிந்தால் அதைக் கையில் ஏந்திப் பாருங்கள். தெளிவாக வந்தால் ஆள் வைத்துக் கண்காணிக்கலாம். கலங்கலாக வந்தால் கரைக்குள்ளே மண் கரைந்துகொண்டிருக்கிறது. உடனே கீழே உள்ள வீடுகளைக் காலி செய்துவிட்டு நீர்வளத் துறைக்குச் சொல்லுங்கள். பதற்றத்தில் கசிவு வாயைத் துணியால் அடைத்தால் தண்ணீர் பக்கத்தில் இன்னொரு வாய் திறக்கும். கசிவைச் சுற்றி வட்டமாக மூட்டை அடுக்கி, உள்ளே தண்ணீர் மட்டத்தை உயர்த்துவதுதான் முறை. அந்த நீரின் எடை வரும் வேகத்தைக் குறைக்கும். அனுபவம் உள்ள ஆள் இல்லாமல் கரைமேல் யாரும் ஏற வேண்டாம்.

12. வடிந்த பிறகு, முதல் மூன்று நாள்

குடிநீரை முதலில் பாருங்கள். மேல்நிலைத் தொட்டியில் 1,000 லிட்டருக்கு 4 கிராம் பிளீச்சிங் பவுடர் என்பது வழக்கமான அளவு. பவுடரை வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் படிந்த பிறகு மேலே உள்ள தெளிந்த நீரை மட்டும் தொட்டியில் ஊற்றி, அரை மணி நேரம் கழித்துத் திறக்க வேண்டும். கடைசிக் குழாயில் எஞ்சிய குளோரின் 0.2 பிபிஎம் (லிட்டருக்கு 0.2 மில்லிகிராம்) இருக்கிறதா என்று சோதியுங்கள். வெள்ளம் புகுந்த கிணற்றை இறைத்துச் சுத்தம் செய்து குளோரின் போடும்வரை குடிக்கக் கூடாது. சகதியில் இறங்குபவர்களுக்குக் கால்களில் காலணி வேண்டும், காலில் புண் இருந்தால் இறங்க வேண்டாம். எலிக்காய்ச்சல் அப்படித்தான் வருகிறது. காய்ச்சல் என்றால் அன்றே ஆரம்ப சுகாதார நிலையம்.

சேதக் கணக்கு வருவாய்த் துறையின் வேலை. ஆனால் ஊராட்சி துணை நிற்காவிட்டால் வீடுகள் விடுபடும். சுவர் இடிந்தவர்கள் மண்ணை அள்ளும் முன் படம் எடுக்கச் சொல்லுங்கள். வாழை, நெல் சேதத்துக்குப் பேரிடர் நிவாரண விதிகளில் 33 சதவீதமோ அதற்கு மேலோ இழப்பு என்பது அளவுகோல். சாய்ந்த வாழையை வெட்டி அப்புறப்படுத்தும் முன் கிராம நிர்வாக அலுவலரும் தோட்டக்கலைத் துறையும் பார்த்தாக வேண்டும். குத்தகைக்குப் பயிர் செய்பவர் பெயரில் பட்டா இருக்காது. அவர்களுடைய பெயரையும் தனியாக எழுதிக் கொடுங்கள்.

அப்புறம், சுவரில் ஈரம் காயும் முன் பெயின்ட் டப்பாவை எடுத்துக்கொண்டு அந்தப் பத்து வீட்டுக்கும் திரும்பப் போங்கள். சேறு விட்டுப்போன கோடு இரண்டே நாளில் கழுவிப் போய்விடும். அதன்மேல் புதிய கோடு போட்டுத் தேதியை எழுதுங்கள். பழைய கோட்டைவிட உயரமா, தாழ்வா என்று பாருங்கள். அதே அளவு மழைக்கு ஒரு வீட்டில் மட்டும் உயரமாக ஏறியிருந்தால், அந்த வீட்டுக்குக் கீழே ஏதோ ஒரு பாலத்தில் புதிதாக அடைத்திருக்கிறது. ஜனவரி 26 வரை காத்திருக்காமல் அன்றே இறங்கிக் குனிந்து பாருங்கள்.